தொட்டிக்கு வேண்டிய மண்ணை நாமே கலப்போம்

புழல் வட்டாரத்து அங்கத்தினர்களில் பலர் இன்று நிலமில்லாத விவசாயிகளாகிவிட்டனர். தொண்டை மண்டலத்து 24 கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த ஊர் புழல். 1876-இல் அமைந்த அதன் நீர்த்தேக்கம் 3,300 மில்லியன் கன அடி நீரைத் தாங்கி இன்றளவும் சென்னைக்குக் குடிநீர் அளித்து வருகிறது. 2011-இல் ஊர் மாநகராட்சி எல்லைக்குள் வந்தது. வயல்கள் மனைகளாயின, மனைகளில் வீடுகள் எழுந்தன. நெல்லும் கீரையும் விளைவித்த குடும்பங்களுக்கு இன்று எஞ்சியிருப்பது மொட்டை மாடி ஒன்றே. நெசவாளர் குடும்பங்களின் நிலையோ இன்னும் சிறுத்தது; தறி நிற்கும் கூடத்துக்கு வெளியே நாலு முழ முற்றம் இருந்தால் அதுவே பெரிது.

எனினும் தொட்டியிலும் பையிலும் கறிகாய் பயிரிடும் ஆர்வம் வளர்ந்திருப்பதை நாம் காண்கிறோம். 2013-14-இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. 2021-இல் ரூ.900 மதிப்புள்ள தளையை ரூ.225-க்குக் கொடுத்தார்கள். ஆறு பைகள், இரண்டு கிலோ வீதம் ஆறு தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள், வேப்பெண்ணெய் என்று யாவும் அதில் இருந்தன. வாங்கியவர்கள் அநேகர் கட்டியை நீரில் ஊறவைத்துப் பையில் நிரப்பி விதையை ஊன்றிவிட்டனர். வெண்டை முளைத்தது, நாலு இலை விட்டது, பின்பு மஞ்சளித்து நின்றுவிட்டது. "நமக்குக் கைராசி இல்லை" என்று பையைச் சுருட்டி மூலையில் வைத்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். குறை கைராசியில் இல்லை. பைக்குள் போட்ட பொருளில் இருந்தது. நார்க்கழிவு நீரைத் தாங்கும். ஆனால் செடிக்குச் சோறு போடாது. மண் கலப்பது எவ்வாறு, கலந்த மண்ணுக்குத் தீனி போடுவது எவ்வாறு என்பதை இம்மாதம் சற்று விரிவாகவே எழுத எண்ணுகிறோம்.

வயலில் நல்ல மண் தொட்டியில் ஏன் கெடுகிறது?

செங்குன்றம் என்ற பெயரே நம் மண்ணின் நிறத்தைக் கூறும். சரளையும் களியும் கலந்த இச்செம்மண்ணில் தோப்புகளும் காய்கறிகளும் செழித்ததை நம் பெரியவர்கள் அறிவர். அதே மண்ணை வெட்டித் தொட்டியில் நிரப்பினால் ஒரு மழைக்குள் அது செங்கல்லாக இறுகுகிறது. இது விளங்க நெசவாளருக்கு நெடிய உபதேசம் தேவையில்லை. சாயம் தோய்த்த சிட்டா நூலை அலசி மூங்கிலில் தொங்கவிட்டால் நீர் சொட்டி நின்ற பிறகும் அடிப்பகுதி மட்டும் சொதசொதவென்று ஈரமாகவே இருப்பதைத் தினமும் பார்க்கிறோம். மேற்பகுதி உலர்ந்தாலும் அடிநுனி ஒரு சாணுக்கு நீரைப் பிடித்துக் கொண்டிருக்கும். நூலிழைகளின் இடையே உள்ள நுண்ணிய சந்துகள் நீரைக் கவ்விக் கொள்வதே காரணம். தொட்டி மண்ணும் அவ்வாறே. வயலில் ஈரம் ஆழத்துக்கு இறங்கிக் கொண்டே போகும்; தொட்டியிலோ அடிப்பாகம் வந்ததும் நின்றுவிடுகிறது. துளை இருந்தாலும் அடியில் ஓர் அடுக்கு நீரில் மூழ்கியே இருக்கும். மண் எவ்வளவு நயமானதோ அவ்வளவு உயரமாக அந்த அடுக்கு அமையும்.

ஒரே கலவையை ஒரு சாண் உயரப் பையிலும் இரண்டு சாண் உயரத் தொட்டியிலும் நிரப்பினால், நீர் தேங்கும் அடுக்கின் உயரம் இரண்டிலும் ஒன்றே. உயரம் குறைந்த பையில் வேருக்கு மிஞ்சும் காற்றிடம் அற்பம். ஆகையால் தாழ்ந்த தொட்டிக்குத்தான் அதிகப் பொலபொலப்பான கலவை வேண்டும். அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்று பலரும் நம்புகின்றனர். அது சரியன்று. நயமான மண்ணிலிருந்து நீர் பெரிய சந்துகளுள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. தேங்கும் அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்குரிய இடம் இன்னும் குறையும். துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைப்பது மண் ஒழுகாதிருப்பதற்கு மட்டுமே. அது போதும்.

இந்த விஷயத்தை மேல்நாட்டாரும் நெடுநாள் தடுமாறித்தான் கண்டார்கள். ஒவ்வொரு தோட்டக்காரரும் செடிக்கு ஒரு மண் என்று ரகசியமாகக் கலந்து வந்த காலத்தில், இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் 1930-களில் ஆராய்ந்து, எல்லாச் செடிக்கும் ஒரு பொதுக் கலவை போதும் என்று காட்டினர். தோட்ட மண் ஏழு பங்கு, பீட் என்னும் சதுப்பு நில மட்கு மூன்று பங்கு, பருமணல் இரண்டு பங்கு என்பது அவர்கள் கணக்கு. மண்ணை ஆவியில் சுடவைத்து நோயை அகற்றிய பின்பே கலந்தனர். 1957-இல் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தார் மணலையும் பீட்டையும் மட்டுமே கொண்டு ஒரு கலவை முறையை வெளியிட்டனர். நமக்கு அந்தப் பீட் கிடையாது, தேவையுமில்லை. தென்னை நார்க்கழிவு இருக்கிறது. கடைகளில் வெளிநாட்டுப் பெயருடன் விற்கும் வெள்ளைப் பொரிக்கல்லுக்குப் பதிலாகச் செங்குன்றத்து அரிசி ஆலைகளின் உமி இருக்கிறது.

நம் சுற்றுவட்டாரத்துச் சரக்கு

முதலில் நார்க்கழிவு. பச்சை நார்க்கழிவில் கரிச்சத்தும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. இத்தகைய பொருளை அப்படியே தொட்டியில் இட்டால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் வாயிலிருந்து பறித்துக் கொள்ளும். மேலே கூறிய வெண்டை மஞ்சளித்த மர்மம் இதுவே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் இதற்கு நல்ல வழி கண்டிருக்கின்றனர். ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் ஐந்து கிலோ யூரியாவும் மாறி மாறி அடுக்கி, நிழலில் ஈரம் காயாமல் 60 நாள் வைத்தால், அது கறுத்து, விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்குகிறது. யூரியா என்றதும் முகம் சுளிக்கும் இயற்கை வேளாண்மை அன்பர்கள் சாணக் கரைசலையோ கோழி எச்சத்தையோ இடலாம். நாள் கொஞ்சம் கூடும். ஒரு டன் நார்க்கழிவில் கரைந்து காளானுக்கு உணவாகிப் போகும் ஐந்து கிலோவைக் குறித்து நாம் பெரிதாகக் கவலைப்படவில்லை.

கட்டியாக வாங்குவோர் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். உப்பங்கழியில் ஊறிய மட்டையின் கழிவில் உப்பு மிகுந்திருக்கும். மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீர் ஏறக்குறையத் தெளியும்வரை அலச வேண்டும். சாயம் போகும்வரை அலசுவது நெசவாளர் கைக்குப் பழகிய வேலைதான்.

அடுத்தது உமி. பச்சை உமி மட்க நெடுங்காலமாகும். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி மணற்சத்து. ஆலைக் கொதிகலன்களிலிருந்து வரும் கழிவில் இரண்டு விதம் உண்டு. அரைகுறையாக எரிந்து உமியின் வடிவம் மாறாமல் கறுப்பாக இருப்பது ஒன்று; முற்றும் எரிந்து வெளுத்த தூளாக இருப்பது மற்றொன்று. நமக்கு வேண்டியது கறுப்பு. அது எடையற்றது; காற்றுக்கு இடம் கொடுப்பது; எளிதில் அழுகாதது. வெளுத்த தூளோ மண்ணின் சந்துகளை அடைப்பதோடு காரத்தையும் ஏற்றும். கறுப்பு உமியையும் ஒரு முறை நீரில் அலசி உலர்த்திச் சேர்ப்பது நன்று.

எருவுக்கு மாதவரம் பால் பண்ணைப் பக்கம் போனால் இன்றும் மாடு வளர்ப்போர் உள்ளனர். சாணத்தைப் பச்சையாகத் தொட்டியில் இடுவோர் வேர்ப்புழுவைக் கூலி கொடுத்து அழைத்து வருபவராவர். ஆறு மாதமாவது மட்கி, மண்வாசனை தவிர வேறு வாசனையின்றி, கையில் எடுத்தால் உதிர வேண்டும். வீட்டுக் கறிகாய்க் கழிவையும் எருவாக்கலாம். ஆல்பர்ட் ஹோவர்ட் துரை இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்து, நம் குடியானவர் குப்பைக்குழியைப் பார்த்தும் தாம் சோதித்தும் வகுத்த இந்தூர் முறையை நம் மூத்த அங்கத்தினர் அறிவர்: தழை, சாணம், மண், சாம்பல் என்று அடுக்கி மூன்று மாதத்தில் மும்முறை கிளறுவது. 1939-இல் ஆச்சார்யா பெங்களூரில் வகுத்த முறையில் கிளறுதல் இல்லை. குழியை மூடிவிட்டால் மெதுவாக மட்கும். மாடிக்கு இரண்டும் முழுமையாகப் பொருந்தா. ஏனெனில் குப்பை ஒரு கன மீட்டர் அளவேனும் குவிந்தால்தான் உள்ளே வெப்பம் ஏறிக் களை விதையும் நோய்க்கிருமியும் மாளும். வீட்டுப் பானையில் அவ்வளவு சூடு பிறக்காது. ஆகவே பக்கத்தில் துளையிட்ட இரண்டு பானைகளை வைத்துக் கொண்டு, ஒரு பங்கு கறிகாய்க் கழிவுக்கு இரண்டு பங்கு உலர்ந்த சருகு என்று போட்டு வருவதே ஏற்றது. ஒரு பானை நிரம்பி மட்கும்போது மற்றொன்று நிரம்பும். தெருவில் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் ஒழியவில்லை. எரிப்பவர் கண்ணெதிரே எருவைப் புகையாக விடுகிறார் என்பதை அண்டை வீட்டார் சொல்லலாம்.

நெசவாளர் வீட்டுக் கழிவைப் பற்றியும் கேட்கிறார்கள். சாயமேறாத பருத்தி நூல் துண்டு மட்கும். செயற்கை இழை கலந்தது மட்காது. சாயத்தொட்டி நீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது. பாவுக்கு இட்டு மிஞ்சிய கஞ்சியை நன்றாக நீர்த்து எருப்பானையில் ஊற்றலாம். தொட்டியில் நேரே ஊற்றினால் பூஞ்சணமும் எறும்பும் சேரும். மயில்துத்தம் கலந்த கஞ்சியை எருப்பானைக்கும் காட்ட வேண்டாம்.

எதைத் தொடலாகாது?

வடசென்னையில் மண் எடுப்பவர் கண்ணை மூடிக் கொண்டு எடுக்க முடியாது. இதை நாம் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. கறிகாயை உண்பவர்கள் நம் குழந்தைகள்.

எண்ணூர்க் கழிமுகத்துச் சேறு கறுப்பாகவும் வளமாகவும் தோன்றும். அனல் மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாக அங்கே படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கழிமுகத்தில் பரவி, மீனவர் வலையையும் படகையும் கறுக்கச் செய்ததை நாடறியும். அந்தச் சேறு நமக்கு வேண்டாம். எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை நிலையங்கள் இயங்கி வருகின்றன. நிலக்கரிச் சாம்பலைச் செங்கல் செய்வோர் எடுத்துப் போகிறார்கள். அதன் இடம் அதுதான். அடுப்பில் விறகு எரித்த சாம்பலும் நிலக்கரிச் சாம்பலும் நிறத்தில் ஒத்திருக்கலாம். முன்னதில் செடிக்குச் சாம்பல் சத்து உண்டு, பின்னதில் ஆர்சனிக் போன்ற உலோக நஞ்சு உண்டு.

கொடுங்கையூர்க் குப்பை மேடு போன்ற இடங்களில் சலித்தெடுத்த மண்ணைச் சிலர் மலிவாகத் தருவார்கள். கண்ணாடித் தூளும் மின்கலக் கழிவும் பெயிண்டும் கலந்து பல்லாண்டு கிடந்த மண் அது. 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகரக் குப்பை எருவில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. சோதனைச் சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லையேல் அந்த எரு பூச்செடிக்கும்கூட வேண்டியதில்லை. தொட்டி மண் நாளைக்குக் கறிகாய்க்கு மாறும். பழைய தொழிற்சாலை மனை, வண்டி பழுது பார்க்கும் பட்டறையின் பின்புறம், பழங்கட்டடம் இடித்த மண் ஆகியவையும் இந்த வரிசையில் சேர்ந்தவையே.

ஏரி வண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. 2024-இல் அரசு, விவசாயத்துக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் ஏரிகளில் வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிமைப்படுத்தியது. அந்தச் சலுகையின் பேரில் இரவில் புழல் ஏரிக்கரையில் மண்வெட்டியோடு இறங்குவது முறையன்று. அது நகரம் குடிக்கும் நீர். அதுபோலவே, லாரியில் வந்து இறங்கும் மலிவான செம்மண்ணும் சவுடும் எந்த ஏரியின் வயிற்றிலிருந்து வந்தன என்று கேட்பதற்கு நமக்கு உரிமையும் கடமையும் உண்டு. தொட்டிக்கு வேண்டிய செம்மண் கொஞ்சமே. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும் அங்கத்தினரிடம் இரண்டு மூட்டை கேட்டால் கிடைத்துவிடும். வாங்குமுன் அந்த மனையில் முன்பு என்ன இருந்தது என்பதை மட்டும் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

கலவை

அளவு எடைக்கணக்கில் வேண்டாம். ஒரே கூடையால் அளந்தால் போதும். சலித்த செம்மண் மூன்று கூடை, மட்கிய நார்க்கழிவு மூன்று கூடை, மட்கிய எரு இரண்டு கூடை, கறுப்பு உமி இரண்டு கூடை. இவ்வாறு சேர்ந்த ஒவ்வொரு 100 லிட்டர் கலவைக்கும் வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோவும் எலும்புத்தூள் கால் கிலோவும் தூவிப் புரட்ட வேண்டும். எலும்புத்தூள் வேண்டாதவர் எருவை அரைக் கூடை கூட்டிக் கொள்ளலாம். உயிர் உரப் பொட்டலம் இருந்தால் எருவோடு பிசைந்து சேர்க்கவும். பின்பு நீர் தெளித்து, சாக்கால் மூடி, நிழலில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். இந்த இரண்டு வாரத்தைப் பொறுக்காதவர்களே மிகுதி. புண்ணாக்கு சிதையும்போது சூடும் ஆவியும் கிளம்பி இளவேரைச் சுடும். அதனால்தான் இந்தக் காத்திருப்பு.

மொட்டை மாடியின் தாங்குதிறன் குறித்து ஐயமுள்ளவர்கள் செம்மண்ணை ஒரு கூடையாகக் குறைத்து, நார்க்கழிவை ஐந்தாக உயர்த்தலாம். ஈரமான மண் கன அடிக்கு ஐம்பது கிலோவை நெருங்கும். நார்க்கழிவு மிகுந்த கலவை அதில் பாதிகூட இராது. பழைய மெட்ராஸ் டெரஸ் ஓட்டு வீடுகளில் தொட்டிகளைச் சுவரின் மேலும் விட்டத்தின் மேலும் வரும்படி வைக்க வேண்டும். நடுக்கூரையில் குவிக்கக் கூடாது.

கலவை பதமாயிற்றா என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். நீர் சொட்டினால் ஈரம் மிகை. உருண்டையே பிடியாவிட்டால் வறட்சி. நிரப்பிய தொட்டியில் ஒரு லிட்டர் நீர் ஊற்றினால் சற்று நேரத்தில் அடித்துளையில் வடியத் தொடங்க வேண்டும். மேலே குளமாக நின்றால் உமியைக் கூட்டவும். பின்பு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கலவையிட்டு வெந்தயம் விதையுங்கள். ஐந்து நாளில் பசுமையாக எழும்பினால் கலவை முற்றியது. முளை கருகினாலோ மஞ்சளித்தாலோ இன்னும் பத்து நாள் பொறுக்க வேண்டியதுதான்.

கீரைக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த ஆழம், அதாவது 15 சென்டிமீட்டர் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டைக்கு 30; எலுமிச்சை, முருங்கைக்கு 45-க்குக் குறையாமல் வேண்டும்.

தீனி

தொட்டிச் செடிக்கு எருப் போடுவதில் இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. தொழுவுரமே எல்லாம் தரும் என்பது ஒன்று. கரைசல் ஏதேனும் ஒன்று மாயம் செய்யும் என்பது மற்றொன்று. கணக்குப் பார்த்தால் உண்மை தெரியும். தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு. பத்துக் கிலோ இட்டால் 50 கிராம் கிடைக்கும். கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏழு பங்குக்குச் சற்று மேல். எழுநூறு கிராமே அந்த 50 கிராமைக் கொடுத்துவிடும். வேப்பம் புண்ணாக்கில் நூற்றுக்கு ஐந்து. அது நூற்புழுவையும் அடக்கும், தழைச்சத்து விரைந்து கரைந்தோடாமலும் காக்கும். எனவே தொழுவுரம் மண்ணுக்கு உடல் கொடுப்பது, புண்ணாக்கு செடிக்கு உணவு கொடுப்பது என்று பிரித்துக் கொள்வது தெளிவு. வயலில் இரண்டு சாண் தள்ளியும் வேர் போய் உணவு தேடும்; தொட்டியில் தேட இடமில்லை. மேலும் நாம் ஊற்றும் ஒவ்வொரு குடம் நீரும் கொஞ்சம் சத்தைத் துளைவழியே கொண்டு போகிறது. ஆகையால் சிறுகச் சிறுக அடிக்கடி என்பதே விதி.

நூறு கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் மூடி ஊறவைத்து, வடிகட்டி, பத்துப் பங்கு நீர் சேர்த்து, பதினைந்து நாளைக்கொரு முறை தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றினால் கத்தரியும் மிளகாயும் தொய்வின்றி வளரும். நாற்றம் இருக்கும், மாலையில் ஊற்றினால் அண்டை வீட்டார் பொறுத்துக் கொள்வர். ஊறிய மண்டியை எருப்பானையில் போட வேண்டும். தொட்டியில் கொட்டினால் ஈ மொய்க்கும்.

காசிமேட்டு மீன் கழிவு நமக்கு அருகிலேயே கிடைக்கும் செல்வம். கழிவை ஒருமுறை நல்ல நீரில் அலசி உப்பைப் போக்கி, சம எடை வெல்லத்தோடு பிசைந்து, காற்றுப் புகாத ஜாடியில் 21 நாளுக்குக் குறையாமல் வைத்தால் மீன் அமிலம் ஆயிற்று. லிட்டர் நீருக்கு 5 மில்லி கலந்து தெளிக்கலாம். பூனைக்கு எட்டாத இடத்தில் ஜாடி இருக்கட்டும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யமும், மறைந்த நம்மாழ்வாரின் (1938-2013) முயற்சியால் தமிழ்நாடெங்கும் பழக்கத்துக்கு வந்த ஏனைய கரைசல்களும் நல்லனவே. பஞ்சகவ்யத்தை 100-க்கு 3 என்ற அளவில் தெளிப்பது வழக்கம். ஆயினும் தெளிப்பது ஊக்கம், இடுவது உணவு. வேருக்குப் புண்ணாக்கும் எருவும் இல்லாமல் இலைக்குத் தெளித்துக் கொண்டே இருப்பது பசித்தவனுக்குப் பன்னீர் தெளிப்பதாகும்.

வாழைப்பழத் தோல் ஊறிய நீர், முட்டையோடு, காப்பித்தூள் மண்டி என்று பல வைத்தியங்கள் காதில் விழுகின்றன. இவற்றை எருப்பானையில் போடுங்கள். வேறு விசேஷம் இல்லை. முட்டையோடு மாவாக இடித்தால்தான் சிறிது சிறிதாகக் கரையும். தக்காளியின் அடி கறுப்பதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று ஓட்டைக் கொட்டுவதைவிட, ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக நீர் விடுவதை நிறுத்துவது பலன் தரும். பூக்கும் தருணத்தில் விறகுச் சாம்பல் ஒரு மேசைக்கரண்டி தூவலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நீரின் குணத்தையும் அறிய வேண்டும். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடியில் கடல் நீர் உட்புகுந்தது 1960-களின் பிற்பகுதியிலிருந்தே அறியப்பட்ட விஷயம். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்தில் கடலை அடுத்த கிணறுகளும் உவர்ப்புடையவை. அந்நீரைத் தொட்டியில் ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்குப் படியும், இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை நல்ல நீரையோ மழை நீரையோ தொட்டியின் கொள்ளளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். கழுவிய மறுநாள் புண்ணாக்குக் கரைசல் கொடுக்க மறவாதீர். 2019 ஜூன் மாதத்தில் புழல் ஏரி வறண்டு தரை வெடித்து நின்றதைக் கண்டவர்கள் குடிநீரைத் தொட்டிக்கு ஊற்றக் கூசுவார்கள். அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர் போதுமானவை. மண்ணின் மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சருகு பரப்பினால் நீர்ச் செலவு வெகுவாகக் குறையும்.

சங்கமாகச் செய்தால்

இத்தனை சரக்கையும் ஒரு குடும்பம் தனியே தேடிச் சேர்ப்பது சிரமம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு மூட்டை உமிக்காக ஆலைக்கு ஒரு நடை, ஒரு கூடை சாணத்துக்காக மாதவரத்துக்கு ஒரு நடை என்றால், கடையில் அழகிய பையில் விற்கும் கலவையே மேல் என்று தோன்றிவிடும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டி நார்க்கழிவு, ஒரு வண்டி எரு, ஆலையில் நாலு மூட்டைக் கறுப்பு உமி என்று வாங்கினால் வண்டிக் கூலி பத்தில் ஒன்றாகும். நார்க்கழிவை மட்கவைக்க ஒரு நிழலான இடம் போதும். மண்ணை ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பும் செலவையும் பத்துப் பேர் பகிர்ந்து கொள்ளலாம். நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-இல் கடன் சங்கம் தொடங்கியவர்கள் வட்டிச் சுமைக்காகக் கூடினார்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூரில் நெசவாளரைக் குடியேற்றிய காலெட்பேட்டை, இன்று மக்கள் நாவில் காலாடிப்பேட்டை, நெருங்கிய வீடுகளின் ஊர். அத்தகைய தெருக்களில் ஒரு வீட்டு மாடியில் மட்கும் எரு பத்து வீட்டுக்கும் எட்டும்.

கலவை ஒருமுறை செய்தால் பல ஆண்டு உழைக்கும். அறுவடை முடிந்ததும் மண்ணைக் கொட்டி எறிபவர்களைப் பார்க்க நமக்கு வருத்தமாக இருக்கிறது. வேரைப் பிடுங்கி, கட்டியை உடைத்து, சலித்து, எருவும் கறுப்பு உமியும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் புதிது போலாகிவிடும். தக்காளி இருந்த மண்ணில் உடனே கத்தரியோ மிளகாயோ வைக்காமல், ஒரு போகம் கீரையோ அவரையோ வைக்க வேண்டும். வாடல் நோயோ வேர் முடிச்சோ கண்ட மண்ணை, சித்திரை வைகாசி வெயிலில் நனைத்துப் பரப்பி, நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் ஓரம் முழுவதும் மண் அணைத்து மூடி ஐந்து வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் இதற்கு உதவாது. ஆனி பிறந்ததும் தாளை எடுத்து, ஆறவிட்டு, எருவும் உயிர் உரமும் கலந்து, சாக்கால் மூடி வைத்தால் ஆடிப்பட்டத்துக்கு மண் தயாராக இருக்கும்.